பந்திப்பூர் காட்டுத்தீ: பிப்ரவரியில் எரிவதை டிசம்பரிலேயே தடுக்க முடியுமா?

பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை பார்ப்பவரா? அப்படியென்றால் மைசூரு, குண்டலுபேட்டை வழியாக ஊட்டி போகும் ரோடு உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அந்த ரோடு பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகிறது. 2019 பிப்ரவரி 21 அன்று அந்தக் காப்பகத்தில் பிடித்த தீ, சில நாட்களிலேயே சுமார் 4,400 ஹெக்டேர் காட்டை எரித்தது. 25ஆம் தேதி விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் ஊற்றின. டிவியில் பார்க்க பிரமாண்டமாக இருந்தது. ஆனால் அதற்குள் பெரும்பகுதி எரிந்துவிட்டது.

தீ எப்படிப் பிடிக்கிறது?

இந்தியக் காட்டுத்தீக்களில் சுமார் 95 சதவீதம் மனிதர்களால் ஏற்படுபவை என்கின்றன அரசு ஆவணங்கள். மேய்ச்சலுக்குப் புதுப் புல் முளைக்க வைக்கும் தீ, அணைக்காமல் வீசிய பீடி, சிகரெட், சில நேரம் வனத்துறை மேல் இருக்கும் கோபம் என்று காரணங்கள் பல. இலையுதிர் காடு என்பதால் பிப்ரவரியில் தரை முழுக்கச் சருகு. கூடவே புதர் புதராகப் பரவியிருக்கும் உண்ணிச்செடி. தரையில் ஓடும் தீ இதில் ஏறினால் மரம் வரை போய்விடும்.

சாட்டிலைட் காட்டிக்கொடுக்காதா?

காட்டும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், சாட்டிலைட் தகவலை வைத்து வனத்துறைக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. ஆனால் ஒவ்வொரு சாட்டிலைட்டும் ஒரு இடத்தை நாளுக்கு இரண்டு முறைதான் கடக்கும். நடுவில் பிடித்து அணைந்த தீ பதிவாகாமலே போகலாம். ஒரே பெரிய தீ பல அலர்ட்டுகளாகவும் பதிவாகலாம். அதனால் 'அலர்ட் குறைந்தது' என்று செய்தி வந்தால், எரிந்த பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

அலர்ட் வந்த பிறகும் ஒருவர் அங்கே நடந்து போய், பச்சைக் கிளையால் அடித்துத்தான் அணைக்க வேண்டும். 2017இல் பந்திப்பூரில் இப்படித் தீயை அணைக்கப் போன வனக் காவலர் ஒருவர் உயிரிழந்தார்.

அப்போ என்னதான் வழி?

தீத்தடுப்புக் கோடுகள். கோடை வருவதற்குள் காட்டுக்குள் நீளமான பட்டைகளாகச் சருகையும் புல்லையும் அகற்றி, தீ தாண்ட முடியாதபடி இடைவெளி விடும் வேலை. அந்தந்த ஊர் மக்களைத் தற்காலிகத் தீக் காவலர்களாக எடுப்பதும் இதோடு சேர்ந்தது. இரண்டுக்கும் பணமும் ஆளும் சரியான நேரத்தில் வந்தாக வேண்டும். தாமதமானால் பிப்ரவரியில் அதற்கு மாற்று இல்லை.

இன்னொரு குரலும் இருக்கிறது. பந்திப்பூருக்குக் கிழக்கே உள்ள பிஆர் மலைகளின் சோளிகர்கள், முன்பெல்லாம் கோடைக்கு முன்பே சிறு தீ மூட்டிச் சருகை எரித்தார்கள். அது நின்ற பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்பது அவர்கள் வாதம். ஆய்வாளர்களிடையே இதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் காப்பகத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவது, 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நீங்கள் செய்யக்கூடியது

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையேற்றம் போன அவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள். கோடையில் அனுமதி இல்லாத ட்ரெக்கிங்குக்கு 'நோ' சொல்லுங்கள். காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்திச் சமைக்காதீர்கள், சிகரெட்டை வீசாதீர்கள். கர்நாடகக் காட்டில் புகையைப் பார்த்தால் 1926க்குப் போன் செய்யுங்கள். அடுத்த டிசம்பரில், கோடு வெட்டியாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.