போட் வண்டிக்குப் பிரேக் நம்ம பிள்ளைகளா?

வாடைக் காற்று தொடங்கப் போகிறது. கடல் பொங்குவதற்கு முன்னர் கரையில் கிடக்கும் ஃபைபர் போட்டுகளை ஊருக்குள் ஏற்ற வேண்டும். இன்னும் இரண்டு மூன்று கிழமையில் நமது கடற்கரை வீதி, பிரதான வீதி, பாடசாலை ஒழுங்கை எல்லாவற்றிலும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் போட் வண்டிகள் ஆடி ஆடி வரும். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பக்கமும் நாலைந்து பொடியன்மார் போட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் வகுப்புப் பிள்ளைகள். அதனால்தான் ஆசிரியர்களான நாங்கள் இதை எழுதுகிறோம். கடல் தொழிலைப் பற்றி வாத்திமாருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்களில் பலருடைய வாப்பாவோ மாமாவோ கடலுக்குப் போனவர்கள்தான்.

போன மாரியில் சந்தியில் நடந்தது ஊருக்கே தெரியும். வண்டியின் இடது சில்லு கழன்று தனியே ஓடியது. போட் சரிந்து மதிலோடு சாய்ந்தது. போட்டுக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு பிள்ளையின் கை. தரம் 10 படிக்கிற பிள்ளை, எழுதுகிற கை. இரண்டு விரல்கள் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. பேனையைப் பிடிக்கப் புதிதாகப் பழகிக்கொண்டிருக்கிறான். இந்த வருடம் அவனுக்கு சாதாரண தரப் பரீட்சை.

அன்றைக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைவர் வேகமாக வந்தார், றோட்டில் குழி, கண்ணூறு, கத்ர். கத்ரை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சில்லைக் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லையே! கராஜ் வைத்திருக்கும் ஒரு பிள்ளையின் வாப்பாதான் மறுநாள் வந்து கழற்றிப் பார்த்தார். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஏதோ குழம்பு. பெயரிங் குண்டுகள் துருப்பிடித்து, சிலது உடைந்து, மணலோடு சேர்ந்து அரைபட்டிருந்தன. "இது நேற்றைக்குப் போன சில்லு இல்லை சேர். போன வருஷமே போயிட்டுது, நேத்துத்தான் கழண்டிருக்கு" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறோம், ஏனென்றால் இது எல்லா வண்டிக்கும் பொருந்தும். வண்டி றோட்டில் ஓடும்போது சில்லின் நடுப்பகுதி சூடாகும். அந்தச் சூட்டோடு கடலுக்குள் இறக்கினால் அது சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும். சுருங்கும்போது சீலின் ஓரத்தால் உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகு கிரீஸ் கிரீஸாக இருக்காது. வண்டியை மூலையில் நிறுத்தி விட்டு அடுத்த மாரிக்கு எடுக்கும்வரை உப்பு உள்ளே தன்னுடைய வேலையைச் செய்துகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் சில்லு நன்றாகவே இருக்கும், டயருக்குக் காற்றும் இருக்கும்.

இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் யோசிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நமது கரைக்குப் போட்டுகள் வந்தன, எஞ்சின்கள் வந்தன, வலைகள் வந்தன. கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். ஆனால் அந்தப் போட்டைக் கரையில் எப்படி ஏற்றுவீர்கள், எதில் கொண்டுபோவீர்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அப்போது கரை அகலமாக இருந்தது. கட்டை போட்டு உருட்டி மேலே ஏற்றிவிட்டால் மாரி முடியும்வரை அங்கேயே கிடக்கும். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. நமது கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருவது. அலைதடுப்பு அதை மறித்தது. துறைமுக வாயில் மண் மூடியது, வடக்குப் பக்கம் ஒலுவில், நிந்தவூர் கரைகளைக் கடல் தின்றது. தென்னை போனது, வாடி போனது, போட் ஏற்றி வைக்கும் இடமும் போனது. ஆகவே போட் ஊருக்குள் வரவேண்டியதாயிற்று. வண்டி தேவைப்பட்டது. பழைய வேனின் அச்சு, இரும்புக் கடையில் எடுத்த ஆங்கிள், ஒரு வெல்டிங் பாஸ், வேலை முடிந்தது. அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கையில் காசில்லாத நேரத்தில் தொழிலைக் காப்பாற்றிய வண்டிகள் அவை.

ஆனால் ஒரு வண்டி றோட்டுக்கு வந்துவிட்டால் அது வாகனம். உழவு இயந்திரப் பெட்டிக்கே தனி இலக்கத் தகடு இருக்கிறது. நமது போட் வண்டிகளில் பின்னால் ஒரு சிவப்பு ஒட்டி கூடக் கிடையாது. மஃரிபுக்குப் பிறகு அக்கரைப்பற்று - கல்முனை றோட்டில் பஸ்ஸும் லொறியும் எந்த வேகத்தில் வருகின்றன என்று நமக்குத் தெரியும். இருட்டில் வெளிச்சமில்லாமல் ஒரு போட்டின் பின்பக்கம் றோட்டில் நீண்டுகொண்டிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைதான் முதலில் அடிபடுவான்.

கொக்கிப் பின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின் கழராமல் இருக்கப் போட வேண்டிய கிளிப்புக்குப் பதிலாக ஆணி, கம்பி, ஓரிடத்தில் தென்னோலை ஈர்க்கில்கூடப் பார்த்தோம். சிரிப்பாகத்தான் இருந்தது, ஏற்றத்தில் அந்த வண்டி போவதைப் பார்க்கும்வரை. எஞ்சினைக் கழற்றாமல் இழுப்பது இன்னொரு பழக்கம். 25 குதிரைவலு எஞ்சின் 50 கிலோவுக்குக் கிட்ட வரும். அதுவும் போட்டின் கடைசி முனையில் தொங்குகிறது. பின்பக்கம் பாரம் கூடினால் முன்பக்கம் கொக்கியைத் தூக்கும். வண்டி பாம்பு மாதிரி நெளியும். அதை நேராக்கத்தான் பொடியன்மாரைப் பக்கத்தில் பிடிக்க விடுகிறோம். எஞ்சினைக் கழற்றி உழவு இயந்திரத்தில் வைத்து, போட்டை முன்னுக்குத் தள்ளி, அணியத்திலும் நடுவிலும் பின்னாலும் கயிறு போட்டு இறுக்கினால் ஒருவரும் பிடிக்கத் தேவையில்லை. பிடிக்க ஆள் தேவைப்படுகிற வண்டி, ஓடத் தகுதியில்லாத வண்டி.

கரையில் இறக்கும்போது நடப்பது வேறு. ஈரமணலில் உழவு இயந்திரம் புதைந்தால் இன்னொன்றைக் கொண்டுவந்து நைலோன் கயிற்றில் இழுப்பார்கள். நைலோன் ரப்பர் போல நீளும். அறுந்தால் இரண்டு முனையும் சாட்டையாகத் திரும்பி வரும். அந்த நேரம் கயிற்றுக்கு நேரே நின்று கைத்தட்டி உற்சாகப்படுத்துவது யார்? பார்க்க வந்த சின்னப் பிள்ளைகள். கயிறு இறுகும்போது அதன் நேர்கோட்டில் ஒரு ஆளும் நிற்கக் கூடாது. இதற்குக் காசு தேவையில்லை, அதட்டிச் சொல்ல ஒரு பெரியவர் போதும். வண்டியையும் தண்ணீருக்குள் இறக்கத்தான் வேண்டுமென்று இல்லை. ஈரமணல் விளிம்பில் நிறுத்தி அங்கிருந்து கட்டைமேல் தள்ளினால் சில்லு நனையாது. நமது மூத்தவர்களுக்குக் கட்டை போடுவதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"கடற்கரைப் பிள்ளைகள் இதில்தானே வளர்ந்தவை, நாங்களும் அப்படித்தான் தள்ளினோம்" என்கிறார்கள். உண்மைதான். அன்று தள்ளியது மணலில், மரத்தோணியை, கையால். ஒரு மீனைக் கொடுத்து அனுப்புவார்கள், பிள்ளையும் சந்தோசமாக வீட்டுக்குப் போகும். இன்று அவன் ஓடுவது தார் றோட்டில், எஞ்சின் இழுக்கிற பாரத்தின் பக்கத்தில். இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகள் கடற்கரைக்கு வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வலை தெரியாமல், காற்றுத் தெரியாமல் வளர்கிற பிள்ளைகளைப் பார்த்தாலும் கவலையாகத்தான் இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் ஓட விட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

செலவைப் பற்றிக் கதைப்பதில் நியாயம் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவானது. அதற்குப் பிறகு தொழில் நிமிரவே இல்லை. தலைக்கொரு நல்ல வண்டி செய்யுங்கள் என்று சொன்னால் அது வயிற்றில் அடிப்பது. ஆனால் தலைக்கொரு வண்டி எதற்கு? வருடத்தில் எத்தனை நாள் அது ஓடுகிறது? ஒரு இறங்குதுறைக்கு ஒழுங்கான வண்டி இரண்டு இருந்தால் முறை வைத்து எல்லாப் போட்டையும் ஏற்றலாம். நல்ல அச்சு, கிரீஸ் அடிக்கிற நிப்பிள், கிளிப் போட்ட பின், பின் கழன்றாலும் வண்டியை விடாத ஒரு சங்கிலி, பின்னால் சிவப்பு ஒட்டி. மீனவர் சங்கத்தின் பெயரில் வைத்து, எடுக்கிறவரிடம் ஒரு சிறு தொகை வாங்கி, அதில் கிரீஸும் டயரும் பார்க்கலாம். பள்ளிக்குப் பாய் வாங்க ஒரு கிழமையில் காசு சேர்க்கிற ஊருக்கு இது பெரிய விடயமில்லை.

அதுவரைக்கும், இருக்கிற வண்டியையாவது இறக்க முன்னர் பாருங்கள். ஜாக்கி வைத்துச் சில்லைத் தூக்கிச் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, பிடித்து ஆட்டும்போது ஆடினாலோ ஓட்ட வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி நடுப்பகுதியில் கையை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கடல் தண்ணீர் பட்ட வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, பழையது வெளியே வரும்வரை புதிய கிரீஸ் அடியுங்கள். மேலே சொன்ன கராஜ்காரர், இந்த மாதம் வருகிற போட் வண்டிகளுக்குச் சில்லு கழற்றிப் பார்க்கக் கூலி எடுக்க மாட்டேன் என்கிறார். கிரீஸும் பெயரிங்கும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு இதைக் கதைக்க மீனவர் சங்கக் கட்டடத்தில் நேரம் கேட்டிருக்கிறோம். போட் வைத்திருக்கும் காக்காமாரும் உழவு இயந்திரம் ஓட்டுகிற தம்பிமாரும் கட்டாயம் வாருங்கள். பிள்ளைகளின் உம்மாமாருக்குப் பக்கத்து அறையில் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம், அவர்களுக்கும் இதில் கேட்க நிறைய இருக்கிறது.