பழைய காருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்…



நம் குடும்பங்களில் பத்து, பதினைந்து வருடம் ஓடிய கார்கள் நிறைய உண்டு. வீட்டில் ஒரு கல்யாணம் வந்துவிட்டால் போதும், "பெயிண்ட் போயிடுச்சு, நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கக் கிளம்பிவிடுகிறோம். நாலு பேருக்காக இந்தச் செலவு வேண்டாம் என்பேன். மங்குவது, உரிவது, துருப்பிடிப்பது மூன்றும் வேறு வேறு. காசு முதலில் துருவுக்குத்தான் போக வேண்டும்.

மங்குவது வெயிலின் வேலை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால், அது மேலே கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்ட். நன்றாகப் பாலிஷ் போட்டு வாக்ஸ் பூசினாலே பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும். அடிக்கடி தேய்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் பெயிண்ட் மெலியும்.

உரிவது கிளியர் கோட். நிறத்துக்கு மேலே தலைமுடியை விட மெல்லியதாக இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு அது. வெயில் நேராக விழும் பானெட்டிலும் கூரையிலும்தான் முதலில் வெள்ளைத் திட்டாகக் கிளம்பும். இதற்குப் பாலிஷ் மருந்தல்ல. அந்தப் பாகத்தை மட்டும் தேய்த்து மறுபடி அடித்தால் போதும். கையில் காசு இல்லையா? தகடு வெளியே தெரியாதவரை பொறுக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் உரிந்தால் கவலையே வேண்டாம், அதில் துரு ஏறாது.

துரு மட்டும் காத்திருக்காது. கதவின் அடி விளிம்பிலும் சக்கரத்துக்கு மேல் வளைவிலும் பெயிண்ட் கொப்பளம் போல எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். நல்ல தகடு தெரியும்வரை சுரண்டி, பிரைமர் அடித்து, பிறகுதான் பெயிண்ட். துருவின் மேலேயே பட்டி பார்த்துப் பளபளவென்று அடித்துக் கொடுத்தால், உள்ளே அது தகட்டைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

வண்டியை விற்பதற்காக அப்படி மூடி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதை நான் பொய் என்றே சொல்வேன். வாங்குபவரும் நம்மைப் போல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்தான். அவர் பிள்ளைகள்தான் அதில் உட்காரப் போகிறார்கள்.

என்னிடம் படித்தவர்களில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டிக்காரரைக் கூப்பிட்டு, துரு இருக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு நாள் கூலி குறையலாம். அந்த ஆள் அடுத்த வண்டிக்கும் உங்களைத்தான் தேடி வருவார்.

மங்கிய காரில் கல்யாணத்துக்குப் போய் இறங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை, பிள்ளைகளே.

வாழ்க வளமுடன்.