மிகை ரோம வளர்ச்சிக்குக் குறியீடு இடுவது பற்றி எமது சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்க வைத்தியசாலைகளில் எழுதப்படும் நோயாளர் சார்ட்டுகளைச் சென்னையிலும் கோயமுத்தூரிலும் திருச்சியிலும் அமர்ந்து வாசித்து, அவற்றுக்கு ஐ.சி.டி.-10-சி.எம். என்னும் நோய்க் குறியீடுகளை இட்டு அனுப்பும் தொழிலில் நம்மவர் ஆயிரக்கணக்கானோர் ஈடுபட்டிருக்கின்றனர் என்பது இன்று எவருக்கும் புதிய செய்தியன்று. அத்தொழில் புரிவோரின் சங்கமாகிய நாங்கள், சரீரத்தில் ரோமம் அளவுக்கு மீறி வளரும் நிலைமைகளுக்குக் குறியீடு இடுவதில் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபட்ட வழக்கங்கள் நிலவுவதையும், சந்தேகம் எழும்போதெல்லாம் எல்68.9, அதாவது ‘விவரம் குறிப்பிடப்படாத மிகை ரோம வளர்ச்சி’ என்ற குறியீட்டில் அடைக்கலம் புகும் பழக்கம் வேரூன்றிவருவதையும் கண்டு, எமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம். வகையும் காரணமும் வைத்தியரின் எழுத்தில் உள்ளவிடத்து எல்68.9 இடலாகாது, அவை எழுத்தில் இல்லாதவிடத்து, குறியீடு இடும் கோடர் தாமாக ஊகித்து வேறொன்றை இடவும் ஆகாது. இதுவே எமது நிலைப்பாடு.

ஹிர்சுட்டிசம் என்பது, புருஷர்களுக்கு இயல்பாக ரோமம் முளைக்கும் மேலுதடு, மோவாய், மார்பு, அடிவயிறு முதலிய இடங்களில், ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் மிகுதியாலோ, அவை அளவோடு இருந்தும் மயிர்க்கால்கள் அவற்றுக்கு மிகையாக இணங்குவதாலோ, ஸ்திரீகளுக்குத் தடித்துக் கறுத்த ரோமம் வளர்வதாகும். ஹைப்பர்டிரைக்கோசிஸோ, ஆண் பெண் என்ற பேதமும் அந்த ஹார்மோன்களின் சம்பந்தமும் இன்றி, சரீரத்தின் எந்தப் பகுதியிலும் வயதுக்கும் இனத்துக்கும் உரிய அளவை மீறி ரோமம் வளர்வது. இரண்டுக்கும் செய்ய வேண்டிய பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. ஆயினும் குறியீட்டு நூல்கள் இவற்றை நெடுங்காலம் பிரித்தறியவில்லை. ஐ.சி.டி.யின் ஒன்பதாம் திருத்தம் 704.1 என்ற எண்ணில் ஹிர்சுட்டிசத்தைத் தலைப்பாக வைத்து மற்றதை அதற்குள் அடக்கியது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் வழக்குக்கு வந்த பத்தாம் திருத்தமோ, ஹைப்பர்டிரைக்கோசிஸை எல்68 என்ற தலைப்பாக்கி, ஹிர்சுட்டிசத்தை அதன் கீழ் எல்68.0 என்று வைத்தது. மாமியார் வீட்டில் மருமகள் இருந்தது போய் மருமகள் வீட்டில் மாமியார் வந்து சேர்ந்ததேயன்றித் தனிக்குடித்தனம் ஏற்படவில்லை. 2019 மே மாதத்தில் உலக சுகாதார மகாசபை ஏற்று, 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்த பதினோராம் திருத்தமே இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. நம் கைக்கு வரும் சார்ட்டுகளோ இன்னும் பத்தாம் திருத்தத்தின்படியே குறியிடப்பட வேண்டியவை. ஆகையால் நூல் செய்யாத பகுப்பைக் கோடரின் கவனமே செய்ய வேண்டியிருக்கிறது.

மிகுந்த விவாதத்துக்கு இடமாகியிருப்பது பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டி நோயோடு ஹிர்சுட்டிசமும் எழுதப்பட்டுள்ள சார்ட்டுகளே. ஒரு நோயோடு வழக்கமாக இணைந்து வரும் லக்ஷணங்களைத் தனியே குறியிடலாகாது என்ற பொதுவிதியைக் காட்டி, இ28.2 ஒன்றே போதும், எல்68.0 மிகை என்று கூறும் ஆடிட்டர்கள் உண்டு. விதி சரியானதே, அதை இங்கே பொருத்துவதுதான் சரியன்று என்று கருதுகிறோம். பி.சி.ஓ.எஸ். உள்ள ஸ்திரீகளில் பெரும்பாலோருக்கு மிகை ரோமம் உண்டெனினும் அனைவருக்கும் இல்லை. அது இல்லாமலே, மாதவிலக்குக் கோளாறும் சினைப்பையின் தோற்றமும் கொண்டு அந்நோய் நிர்ணயிக்கப்படுவதுண்டு. இவ்விரு குறியீடுகளையும் ஒருங்கே இடலாகாது என்ற விலக்குக் குறிப்பும் நூலில் இல்லை. எனவே வைத்தியர் ரோம வளர்ச்சியைத் தனியே மதிப்பிட்டு, அதற்கென ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்தோ வேறு சிகிச்சையோ எழுதியிருப்பாராயின், இரண்டு குறியீடுகளும் இடப்பட வேண்டும். மாறாக, ‘பி.சி.ஓ.எஸ். இருக்கலாம்’ என்று மட்டும் புறநோயாளர் சார்ட்டில் எழுதியிருந்தால் இ28.2 இடவே கூடாது. சந்தேகத்தைப் புறநோயாளரிடத்து நோயாகக் குறியிடலாகாது என்பது நாமறிந்த விதி. அங்கே வைத்தியர் எழுதிய ஹிர்சுட்டிசத்துக்குரிய எல்68.0 மட்டுமே நிற்கும். அவ்வாறே, காரணம் காணப்படாத ஹிர்சுட்டிசத்தைக் கண்டு, ரோமம் இருப்பதால் ஆண்ட்ரோஜனும் மிகுந்திருக்கத்தானே வேண்டும் என்று தர்க்கம் செய்து இ28.1 சேர்ப்பதும், ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு இயல்பாகவே இருந்த ஒருத்தியின் ஆவணத்தில் இல்லாத நோயை ஏற்றுவதாகும்.

இன்னொரு சோதனை, மதிப்பெண்ணால் வருகிறது. ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-இல் வகுத்து, பின்னர் ஒன்பது அங்கங்களாகச் சுருக்கப்பட்ட ரோம வளர்ச்சி அளவுமுறையில், அங்கமொன்றுக்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை இட்டு மொத்தம் 36-க்குக் கணக்கிடுவர். சார்ட்டில் ‘எஃப்.ஜி. ஸ்கோர் 9’ என்று மட்டும் இருந்து, ஹிர்சுட்டிசம் என்ற நிர்ணயம் இல்லாதிருக்க, எட்டைத் தாண்டிவிட்டது என்று எல்68.0 இடுவோர் உளர். எட்டு என்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாழும் வெள்ளையர், கறுப்பினத்தவர் ஆகிய ஸ்திரீகளுக்குக் கொள்ளப்படும் எல்லை; மத்தியதரைக்கடல் நாட்டினருக்கு அது உயர்ந்தும், கிழக்காசியருள் சிலருக்கு மிகத் தாழ்ந்தும் கொள்ளப்படுகிறது. நோயாளியின் இனத்தையும் முன்பே ரோமம் நீக்கிக்கொண்ட விவரத்தையும் அறிந்த வைத்தியர் தீர்மானிக்க வேண்டியதை, நோயாளியைக் காணாத நாம் ஒரு கூட்டல் கணக்கால் தீர்மானிப்பது தகாது.

பிறவியிலேயே உள்ள மிகை ரோமமும், உதிராமல் தங்கிய லானுகோ என்னும் கருக்கால ரோமமும் கியூ84.2-க்கு உரியன; எல்68 தலைப்பிலேயே அவற்றுக்கு விலக்குக் குறிப்பு உண்டு. சிசுவின் இடுப்புக்கு நேரே முதுகில் குஞ்சமாக முளைக்கும் ரோமம், உள்ளே முதுகுத்தண்டு சரியாக மூடாதிருப்பதன் வெளி அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், அதனை எல்68.2 என்று பின்னர் தோன்றியதாகக் குறியிடுவது சிறு பிழையன்று. கண்ணிமை ரோமத்துக்கு எச்02.86 என்ற தனி இடம் உண்டு. ஃபெனிட்டாயின் உண்டதால் ரோமம் வளர்ந்தால், முதலில் எல்68 வரிசையில் பொருந்துவதையும், அடுத்து மருந்தின் பக்கவிளைவைக் காட்டும் டி42.0 வரிசைக் குறியீட்டையும் இட வேண்டும். வயது முதிர்ந்தபின் முகத்தில் திடீரெனப் பூனைமயிர் போன்ற மென்ரோமம் படரும் எல்68.1 அபூர்வமே, ஆயினும் நுரையீரலிலோ பெருங்குடலிலோ மறைந்திருக்கும் புற்றுநோயோடு அதற்குச் சம்பந்தம் காணப்பட்டிருக்கிறது. அதை எல்68.9-இல் கரைத்துவிட்டால், பிற்காலத்தில் ஆவணங்களைத் தொகுத்து ஆராய்பவர் கண்ணில் அது படவே படாது.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்முறையால் ரோமம் நீக்கும், 17380 என்ற சிகிச்சைக் குறியீட்டுக்குரிய சிகிச்சையைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் அலங்காரமென்றே கருதி மறுக்கின்றன. க்ளெய்ம் நிறைவேற வேண்டுமென்று இல்லாத நோயைக் குறியிடுவதை எமது சங்கம் எக்காலத்தும் ஆதரிக்காது. அதே உறுதியோடு, வைத்தியர் நோயென்று எழுதியதை, எப்படியும் டினையல் வரும் என்ற எண்ணத்தால் இசட்41.1 என்ற அலங்காரச் சிகிச்சைக் குறியீட்டுக்குள் தள்ளுவதையும் கண்டிக்கிறோம். மறுப்பது நிறுவனத்தின் காரியமாயின் அதை அதுவே செய்யட்டும். அதன் வேலையை முன்கூட்டியே செய்து கொடுக்க நமக்கு எவரும் சம்பளம் தரவில்லை.

வகை தெளிவாக இல்லாதபோது வைத்தியருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்புவதே முறை. அதுவும் ‘இது ஹிர்சுட்டிசம்தானே?’ என்று விடையை ஊட்டுவதாக இராமல், சார்ட்டில் கண்ட லக்ஷணங்களைக் கூறி நிர்ணயத்தை அவரிடமே கேட்பதாக இருத்தல் வேண்டும். ஆனால் மணிக்கு இத்தனை சார்ட்டு என்று இலக்கு விதித்து, குவெரிக்காக நிறுத்திவைத்த சார்ட்டை முடிக்காத வேலையாகக் கணக்கிட்டு ஊக்கத்தொகையில் பிடித்தம் செய்யும் அலுவலகங்களில், எல்68.9 இடுவோரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. ஆகையால், குவெரி அனுப்பிய சார்ட்டுகளை இலக்குக் கணக்கிலிருந்து விலக்க வேண்டுமென்றும், ஆடிட்டில் எல்68.9 காணப்படுமிடத்துக் குவெரி அனுப்ப அந்தக் கோடருக்கு அவகாசம் தரப்பட்டதா என்பதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டுமென்றும் நிறுவனங்களைக் கோருகிறோம்.