விமானிக்குச் சுவர், சுரங்கத்தாருக்கு?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோயம்புத்தூரில் ஒரு ‘கப்பல்’ இருந்தது. அதன் பெயர் எச்.எம்.எஸ். கருடா. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மேற்கே வெகுதூரம் போனால்தான் அதற்குக் கடல். உண்மையில் அது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புத் தளம். தரையில் கட்டிய முகாமுக்கும் கப்பல் என்றே பெயர் வைப்பது அந்தப் படையின் வழக்கம். வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போகிறவன் ‘கரைக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவான். சூலூர்த் தளத்துக்கு வைரி, தாம்பரத் தளத்துக்கு வல்லூறு, புத்தளத்துக்கு ராஜாலியா என்று எல்லாம் பறவைகள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்த தளத்துக்கு பேருண்டா என்று பெயர். மைசூர் அரசர்களின் இலச்சினையில் இருக்கும் இருதலைப் பறவையை வெள்ளைக்கார மாலுமி தன் முகவரியில் எழுதிக்கொண்டிருந்தான்.

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில் இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தத் தங்கவயலை 1880 முதல் தோண்டியது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். அவர்கள் சுரங்க மேற்பார்வைக்குக் கொண்டுவந்தவர்களில் பலர், தகரமும் செம்பும் வற்றிப்போன கார்ன்வால் மாவட்டத்துக்காரர்கள். அதே கார்ன்வாலின் கடற்கரையில், செயிண்ட் மெரின் என்ற ஊரில்தான், போரின்போது கடற்படை விமானிகளைப் பழக்கிய பெரிய தளங்களில் ஒன்று இயங்கியது. ஒரே நாடு தன் பிள்ளைகளில் சிலரை ஆகாயத்துக்கும் சிலரைத் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கப் பாதாளத்துக்கும் அனுப்பியது. ஆகாயத்தில் போனவர்களின் கணக்கை அது எழுதிவைத்த விதத்தையும், நம் பாதாளத்தில் இறங்கியவர்களின் கணக்கு கிடக்கும் விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

பயிற்சியிலிருந்து தொடங்கலாம். ஃப்ளீட் ஏர் ஆர்ம் எனப்படும் கடற்படை விமானப் பிரிவு, விமானப் படையின் பிடியிலிருந்து முழுமையாகக் கடற்படையின் கைக்கு வந்ததே 1939 மே மாதத்தில். செப்டம்பரில் போர் வந்துவிட்டது. விமானிகள் போதவில்லை. வங்கிக் குமாஸ்தா, பள்ளியை முடித்த பையன், நாடக நடிகன் என்று ஆட்களைச் சேர்த்தார்கள். உலகப் புகழ் பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியரும் இந்தப் பிரிவில் விமானி உடுப்பு போட்டவர்தான். சேர்ந்தவன் முதலில் கோஸ்போர்ட்டில் உள்ள செயிண்ட் வின்சென்ட் முகாமில் வாரக்கணக்கில் அணிவகுப்பும் முடிச்சுப் போடுவதும் மோர்ஸ் தந்தியும் கற்பான். பிறகு டைகர் மாத் போன்ற இரட்டை இறக்கை விமானத்தில் தொடக்கப் பாடம். அதன்பின் பலரைக் கப்பலேற்றி கனடாவின் கிங்ஸ்டனுக்கோ, அமெரிக்காவின் பென்சகோலாவுக்கோ அனுப்பினார்கள். இங்கிலாந்தின் மேகத்திலும் எதிரி விமானங்களுக்கு நடுவிலும் பழகுவதைவிட ஃபுளோரிடா வெயிலில் பழகுவது வேகம்.

இறக்கைச் சின்னம் வாங்கிய கையோடு அவன் அதிகாரி ஆகிவிடுவான். தற்காலிகச் சேர்க்கை என்பதால் சட்டைக் கையில் நெளிந்த பட்டை. அதன் வளையத்துக்குள் ‘ஏ’ என்ற எழுத்து. பரம்பரை மாலுமிகளுக்கு அந்த எழுத்து கொஞ்சம் இளப்பம்தான். கப்பல் ஓட்டத் தெரியாதவன் என்பதற்கு அது அடையாளம்.

ஓடும் கப்பலின் மேல்தளத்தில் இறங்குவதுதான் கடைசிப் பாடம். முதலில் சாதாரண விமானத்தளத்தில், கப்பலின் அளவுக்குக் கோடு போட்டு, திரும்பத் திரும்ப ஒத்திகை. பிறகு ஆர்கஸ் போன்ற பழைய விமானந்தாங்கி ஒன்றில் அசல் தேர்வு. கப்பல் காற்றை எதிர்த்து ஓடும். பின்புறத்தின் இடது ஓரத்தில், இரண்டு கைகளிலும் மட்டை பிடித்த அதிகாரி நிற்பார். ஏறு, இறங்கு, சாய்கிறாய், இன்ஜினை அணை என்று எல்லாம் அந்த மட்டையின் பேச்சு. விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில் ஒன்றைப் பிடித்தால் பிழைத்தான். பிடிக்காவிட்டால் முன்னால் தடுப்பு வலை.

இதில் ஒரு விபரீதம் நடந்தது. பிரிட்டிஷ் அதிகாரி மட்டையை உயர்த்தினால் ‘மேலே போ’ என்று கட்டளை. அமெரிக்க அதிகாரி உயர்த்தினால் ‘நீ மேலே இருக்கிறாய்’ என்று தகவல். ஒரே சைகைக்கு இரண்டு நேரெதிர்ப் பொருள். கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்க முறைக்கே மாறிக்கொண்டார்கள்.

தங்கவயலில் கேஜ் என்ற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இராது. வைண்டிங் இன்ஜின் ஓட்டுபவர் கேஜைக் கண்ணால் பார்ப்பதில்லை. மணியையும் முள்ளையும் நம்பி வடத்தை விடுகிறார். மூன்று மணி அடித்தால் ஆள் ஏறுகிறது என்று பொருள். கோர்சேர் என்ற போர்விமானத்தை ஓட்டியவனும் அப்படித்தான். மூக்கு அத்தனை நீளம், நேராக வந்தால் கப்பலே தெரியாது. வளைந்து வந்து மட்டைக்காரரை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு இறக்குவார்கள். கப்பலின் கொட்டகைக்குள் அடங்க வேண்டும் என்று அதன் இறக்கை நுனியை வேறு பிரிட்டனில் கொஞ்சம் நறுக்கியிருந்தார்கள்.

போர்க்களம் தமிழர் வாழும் கரைக்கே வந்தது 1942 ஏப்ரலில். 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. திருகோணமலை சைனா பேயிலிருந்து ரத்மலானைக்கு டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு ஆறு சோர்ட்ஃபிஷ் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. துணியும் கம்பியுமாகக் கட்டிய இரட்டை இறக்கை விமானங்கள். உச்ச வேகமே மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர். ஜப்பானின் ஜீரோ விமானங்களுக்கு முன்னால் ஆறும் வீழ்ந்தன. அதே நாளில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தன் விமானங்கள் எதுவும் தளத்தில் இல்லாமலே மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். சென்னையில் கிலி பிடித்து, ஊரே பெட்டி படுக்கையோடு உள்நாட்டுக்குக் கிளம்பியது. இதற்குப் பிறகு கோவைக்கும் சூலூருக்கும் தாம்பரத்துக்கும் கடற்படை விமானங்கள் வந்து தங்கின.

ஆனால் இந்த விமானிகளைக் கொன்றது எதிரி மட்டும் அல்ல. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ கரைக்கு அப்பால் காற்று விழுந்துவிட்டது. எதிர்காற்று இல்லாமல் சிறிய கப்பல்களில் இறங்கிய சீஃபயர் விமானங்கள் உடைந்து நொறுங்கின. எதிரி வீழ்த்தியதைவிட இறங்கும்போது வீணானவையே அதிகம்.

டிக்கி கார்க் என்ற விமானியின் கதை இதைவிடக் கொடியது. 1940இல் பிரிட்டன் வான்போரில் விமானப்படையோடு சேர்ந்து பறந்தவர். 1942இல் மால்டாவுக்கு உணவு கொண்டுபோன கப்பல் வரிசையைக் காத்து, கடற்படையின் முதல் தர வேட்டை விமானி என்று பெயரெடுத்தவர். இல்லஸ்ட்ரியஸ் கப்பலின் கோர்சேர் அணிக்குத் தலைவராகத் திருகோணமலைக்கு வந்தார். 1944 ஏப்ரல் 14, விடியலுக்கு முந்திய இருட்டு. சைனா பே ஓடுபாதையில் இறங்கும்போது இன்னொரு கோர்சேர் மீது மோதி இறந்தார். அப்போது வயது 27. ஐந்தே நாளில் அவருடைய கப்பல் சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போனது, அவர் இல்லாமல்.

திருகோணமலையிலிருந்தே கிளம்பிய நான்கு பெரிய விமானந்தாங்கிகள் 1945 ஜனவரி 24, 29 தேதிகளில் சுமத்ராவின் பாலம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்கின. பிடிபட்ட விமானப் பிரிவினரில் ஒன்பது பேரை ஜப்பான் சரணடைந்த ஆகஸ்டில் சிங்கப்பூரில் கொன்றார்கள்.

இந்தியர்களுக்கு இதில் பங்கு என்ன? அமெரிக்கப் பட்டறைகளில் கட்டி வந்த சிறிய விமானந்தாங்கிகளுக்கு ராஜா, ராணி, பேகம், நவாப், ஷா என்றெல்லாம் பெயர் சூட்டினார்கள். பேகமும் ஷாவும் இந்தியப் பெருங்கடலிலேயே ரோந்து சுற்றின. ஆனால் அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்கு விமானப் பிரிவே கிடையாது. இந்தியக் கடற்படையின் முதல் விமானம் கொச்சியில் வந்து இறங்கியது 1953 பிப்ரவரியில். கோவையில் இருந்த கருடா என்ற பெயர் அதே ஆண்டு மே மாதம் கொச்சித் தளத்துக்குப் போனது. சூலூரில் 1961இல் ஐ.என்.எஸ். ஹன்சா தொடங்கியது. இந்தியாவின் முதல் விமானந்தாங்கியான விக்ராந்த் கப்பலே, போரின்போது ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டதுதான்.

இப்போது தலைப்பில் சொன்ன சுவருக்கு வரலாம். இங்கிலாந்தின் தென்கரையில், லீ-ஆன்-சோலன்ட் என்ற ஊரில், கல்லறை தெரியாத கடற்படை விமானப் பிரிவினருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1,900க்கும் மேற்பட்ட பெயர்கள். அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விதி எளிமையானது. குறித்த தேதிகளுக்குள் பணியில் இருந்தபோது இறந்தவன் என்றால் போதும். எதிரி சுட்டானா, ஒத்திகையில் கடலில் விழுந்தானா, மலேரியா வந்ததா என்று கேட்பதில்லை. பயிற்சியில் இறந்த பத்தொன்பது வயதுப் பையனும் பதக்கம் வாங்கியவரும் ஒரே அளவு எழுத்து. அந்த ஆணையமும் மாசற்றதல்ல. முதல் உலகப் போரில் இறந்த ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர், இந்தியர் பெயர்களை விட்டுவிட்டோம் என்று 2021இல்தான் அது ஒப்புக்கொண்டது. விதி நல்ல விதி. அதை எல்லாருக்கும் பொருத்தவில்லை என்பதே குற்றம்.

அந்த விதியைத் தங்கவயலுக்குக் கொண்டுவர வேண்டும். போர் முழுக்க இங்கே சாஃப்ட் ஓடியது. தங்கச் சுரங்கம் போருக்கு அவசியமில்லை என்று 1942 அக்டோபரில் அமெரிக்கா தன் சுரங்கங்களுக்குப் பூட்டுப் போட்டபோதும் கோலார் நிற்கவில்லை. பத்தாயிரம் அடியைத் தொட்ட ஆழம். பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல். ஏர்பிளாஸ்ட் என்று தொழிலாளிகள் சொல்லும் பாறைவெடிப்பைப் பதிவுசெய்ய 1912லேயே இங்கு நிலநடுக்கமானி வைத்தாயிற்று. பாறை அசைந்ததற்கு அத்தனை துல்லியமான கணக்கு. தங்கத்துக்கு அவுன்ஸ் கணக்கு. ஆனால் வடாற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருந்து, அந்தப் பாறைக்கடியில் போனவர்களின் பெயர்களை ஒரே இடத்தில் நின்று வாசிக்க முடிகிற கல் வேண்டாமா?

போர்வீரன் நாட்டுக்காகப் போனான், தொழிலாளி கூலிக்குத்தானே போனான் என்று ஒரு வாதம் வரும். சம்பளம் வாங்காமல் யாரும் கோர்சேர் ஓட்டவில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே ஒரு நிறுவனம் ஆளை அனுப்பியது, அவர் திரும்பவில்லை. பெயர் எழுத அதுவே போதுமான காரணம். இன்னொரு வாதம், 2001 பிப்ரவரியில் மூடிய சுரங்கத்துக்கு இப்போது எதற்குச் செலவு என்பது. குடியிருப்பு உரிமைக்கும் பாக்கித் தொகைக்கும் அலையும் குடும்பங்களிடம் கல்வெட்டைப் பற்றிப் பேசுவது வயிற்றெரிச்சலைக் கிளப்பும் என்பதும் நியாயமே. ஆனால் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பது அந்த உரிமைகளுக்கும் சாட்சியாகும்.

ஒரு இடத்தில் மட்டும் பிரிட்டிஷ் விதியை அப்படியே எடுக்க முடியாது. அவர்களுடைய கணக்கு 1947 டிசம்பர் 31உடன் முடிகிறது. சிலிகோசிஸ் அப்படித் தேதி பார்த்துக் கொல்வதில்லை. நுரையீரலில் பாறைத்தூளோடு வேலையிலிருந்து நின்றவர், ஆண்டுகள் கழித்து ராபர்ட்சன்பேட்டை வீட்டில் இருமி இறந்திருப்பார். அவரை விட்டுவிட்டு எழுதினால் பட்டியல் பாதிதான். கடைசித் தேதி இல்லாத சுவராக அது இருக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. மைசூர் அரசின் சுரங்க ஆய்வாளர் ஆண்டறிக்கைகளில் விபத்து விவரங்கள் இருக்கின்றன. 1988இல் தங்கவயலிலேயே தொடங்கிய தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் பாறைவெடிப்புகளை ஆராய்ந்த அமைப்பு. தேவாலயங்களின் அடக்கப் பதிவுகள், பழைய தொழிற்சங்கக் காகிதங்கள், பின்னாளில் சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸின் ஆவண அறைகள் என்று தேட இடங்கள் உண்டு. மத்திய சுரங்க அமைச்சகம் ஆவண அறைகளைத் திறந்துவிட்டு, கர்நாடக அரசு ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறையை இதற்கென்று அமர்த்தினால் வேலை தொடங்கிவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பெயர்கள் வர வேண்டும். முதல் சுற்றில் கிடைக்கும் பெயர்களை ஊரில் ஒட்டி வைத்தால், விட்டுப்போனவற்றைச் சொல்ல ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.