அரிப்பு தோலில், காரணம் கோதுமையில்: செலியாக் தடிப்பை எப்படிக் கையாள்வது?

முழங்கை, முழங்கால், பிட்டம், முதுகு, தலைமுடி ஓரம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள். அரிப்பு தாங்க முடியாது, ராத்திரித் தூக்கம் போய்விடும். சொறிந்ததும் கொப்புளம் உடைந்து, புண்ணும் தழும்பும்தான் மிஞ்சும். கீழக்கரை மாதிரி உப்புக் காற்றும் வியர்வையுமான கடலோர ஊரில் இதற்கு வீட்டிலேயே பதில் தயாராக இருக்கும்: "வேர்க்குருதான் வாப்பா, சூடு தணிஞ்சா போயிடும்." மருந்துக் கடையில் கேட்டால் இன்னொரு பதில்: ஒரு டியூப் கிரீம்.

பெரும்பாலான நேரம் வேர்க்குரு, படர்தாமரை, சிரங்கு, பூச்சிக்கடி என்று ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அதே இடங்களில் திரும்பத் திரும்ப வரும் அரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது செலியாக் நோயின் தோல் வடிவம். அதைத் தூண்டுவது தட்டில் இருக்கும் கோதுமை.

இது அரிதான நோய்தான். ஆனால், அரிது என்பதாலேயே யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்காததால் பலர் தப்பான கிரீமோடு வருடங்களைக் கழிக்கிறார்கள். சந்தேகம் வந்தவர்களோ, டெஸ்ட் எடுக்கும் முன்பே கோதுமையை நிறுத்திவிட்டு நோயைக் கண்டுபிடிக்கும் வழியைத் தாங்களே அடைத்துவிடுகிறார்கள். இரண்டு தவறுமே தவிர்க்கக் கூடியவை.

என்ன நோய் இது?

மருத்துவப் பெயர் டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். பெயரில் 'ஹெர்பெஸ்' ஒலித்தாலும் அந்த வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கொப்புளங்கள் கொத்தாக இருப்பதால் வந்த பெயர். தொற்று நோய் அல்ல, தொட்டால் ஒட்டாது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் லூயி டூரிங் 1884-ல் இதை விவரித்தார். குடலுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது 1960-களில்தான்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மரபணு ரீதியாக வாய்ப்புள்ள சிலரின் உடல், இதற்கு எதிராகக் கிளம்பித் தன் சொந்தத் திசுவையே தாக்கும். சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்பட்டால் அது செலியாக் நோய். அந்தப் போராட்டத்தில் உருவாகும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் தோலின் மேலடுக்குக்குக் கீழே போய்ப் படியும்போது, அந்த இடத்தில் அழற்சி ஏற்பட்டுக் கொப்புளம் வருகிறது.

"வயிறு நல்லாத்தானே இருக்கு?" என்று தோன்றலாம். இந்தத் தடிப்பு உள்ள பலருக்கு வயிற்றுப்போக்கோ வலியோ இருப்பதில்லை. ஆனாலும் குடலைச் சோதித்தால் பெரும்பாலானோரிடம் ஏதாவது ஒரு அளவில் பாதிப்பு தெரியும். ரத்தசோகை, காரணம் புரியாத சோர்வு, தைராய்டு கோளாறு ஆகியவை கூடவே இருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும்.

அரிசி ஊரில் இது வருமா?

2016-ல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கில் வேலூர் பகுதி என மூன்று இடங்களில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தம் சோதிக்கப்பட்டது. செலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம் மட்டுமே.

இதே ஆய்வின் இன்னொரு பாதி முக்கியமானது. இந்த நோய்க்கு வாய்ப்புத் தரும் மரபணு வகைகள் வடக்கில் சுமார் 38 சதவீதம் பேரிடமும், தெற்கில் சுமார் 36 சதவீதம் பேரிடமும் இருந்தன. கிட்டத்தட்ட சமம். பெரிய வித்தியாசம் சாப்பாட்டில்தான் தெரிந்தது: ஒருவர் ஒரு நாளில் உண்ணும் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

அதாவது, தமிழர்களின் மரபணு இந்த நோய்க்கு முழுப் பாதுகாப்பு எதுவும் தரவில்லை. மரபணு இருக்கும் எல்லோருக்கும் நோய் வராது என்பதும் உண்மை. ஆனால் தட்டு மாறிக்கொண்டிருக்கிறது. ராத்திரியானால் பரோட்டா, காலையில் 'டயட் சப்பாத்தி', மாலையில் பேக்கரி பப்ஸ். வேலைக்காக வளைகுடா போனவர்களுக்கு மெஸ்ஸில் குப்பூஸ். கீழக்கரையில் பல குடும்பங்களில் ஒருவராவது அப்படிப் போனவர். 'அரிசி சாப்பிடுற ஊர்ல இது வராது' என்று இனியும் ஒதுக்கிவிட முடியாது.

முதலில் டெஸ்ட், பிறகு டயட்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வைக்கலாம்: சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும், டெஸ்ட் 'நார்மல்' என்று வந்து ஏமாற்றலாம். பிறகு நோயை உறுதிசெய்ய மருத்துவர் கண்காணிப்பில் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும். அரிப்பும் திரும்ப வரும்.

ரத்தத்தில் டிடிஜி-ஐஜிஏ என்ற சோதனை முதல் படி. இந்தத் தடிப்பு உள்ள சிலருக்கு இது நெகட்டிவாகவும் வரலாம் என்பதால், உறுதி செய்வது தோல் பயாப்ஸிதான். இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, ஐஜிஏ படிவைப் பார்க்கும் சோதனைக்குக் கொப்புளத்திலிருந்து அல்ல, அதன் பக்கத்தில் உள்ள நல்ல தோலிலிருந்து துண்டு எடுக்க வேண்டும். இரண்டு, அந்தத் துண்டை வழக்கமான ஃபார்மலினில் போட்டால் இந்தச் சோதனைக்கு உதவாது. தனிக் கரைசலில் வைத்து அனுப்ப வேண்டும். 'டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ்' என்று சொல்லிக் கேட்டால் தோல் மருத்துவருக்குப் புரியும். பயாப்ஸியில் உறுதியானால், பலருக்கு எண்டோஸ்கோப்பி தேவைப்படாமலே போகலாம்.

கிரீம் ஏன் பதில் இல்லை?

ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீம்கள் எந்த அரிப்புக்கும் விற்கப்படுகின்றன. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். படர்தாமரையாக இருந்தால் அடையாளம் தெரியாமல் மாறிப் பரவும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தாலும், "அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்பது நிற்கவில்லை.

டாப்சோன்: கூகுள் பார்த்துப் பயப்பட வேண்டாம்

நோய் உறுதியானதும் மருத்துவர் எழுதும் மாத்திரை பெரும்பாலும் டாப்சோன். போனில் தேடினால் முதலில் வருவது 'தொழுநோய் மருந்து' என்ற வரி. அதைப் பார்த்து மாத்திரையை ஒளித்து வைப்பதோ, நிறுத்துவதோ தேவையில்லை. டாப்சோன் தொழுநோய்க் கிருமியையும் கட்டுப்படுத்தும், இந்த அழற்சியையும் அடக்கும். இரண்டும் வேறு வேறு நோய்கள். பெரும்பாலானோருக்குச் சில நாட்களிலேயே அரிப்பு குறையும்.

ஆனால் இது சும்மா வாங்கிப் போடும் மாத்திரை அல்ல. தொடங்கும் முன் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை அவசியம். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களை ஆபத்தான அளவுக்கு உடைக்கும். மாத்திரை எடுக்கும் காலத்தில் ஹீமோகுளோபின், வெள்ளையணு, கல்லீரல் சோதனைகள் அவ்வப்போது தேவை. உதடு நீலமாவது, மூச்சு வாங்குவது, காய்ச்சலோடு உடம்பெங்கும் தடிப்பு வருவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

இன்னொன்று: டாப்சோன் தோலை மட்டும்தான் அடக்கும். குடலை ஆற்றாது. மாத்திரையை நிறுத்தினால் தடிப்பு திரும்பும். உண்மையான சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு. அதன் பலன் மெதுவாகத்தான் தெரியும். தோல் முழுதாகத் தெளிய சில மாதங்கள் முதல் இரண்டு வருடம் வரை ஆகலாம். 'ஒரு மாசம் சப்பாத்தியை விட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல' என்று கைவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உணவு மாறி, தோல் தெளியத் தெளிய மருத்துவரே டாப்சோன் அளவைக் குறைத்து நிறுத்துவார்.

கீழக்கரைச் சமையலறையில் எது சரி, எது சிக்கல்?

நல்ல செய்தி: வட இந்தியாவை விட இங்கே இந்த உணவுமுறை சுலபம். சோறு, இட்லி, இடியாப்பம், ஆப்பம், மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, காய்கறி எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வேகும் நோன்புக் கஞ்சி, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேரும் வட்டிலப்பம், அரிசி மாவில் கிண்டும் தொதல் ஆகியவையும் அப்படியே. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவற்றிலும் குளூட்டன் கிடையாது.

நேரடியாகத் தவிர்க்க வேண்டியவை: பரோட்டா, சப்பாத்தி, பிரெட், பிஸ்கட், ரவை, சேமியா, நூடுல்ஸ், கோதுமை அல்வா, பார்லியும் மால்ட்டும் சேர்ந்த சத்துபானங்கள். ஓட்ஸ் இயல்பில் வேறு தானியம் என்றாலும் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருகிறது. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

சிக்கல் மறைவிடங்களில்தான்.

பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல நேரம் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் வழியாக தினமும் உள்ளே போகும். அரிசி மாவு கலந்ததைப் பார்த்து வாங்கலாம்.

மாவு மில்: கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்து கேழ்வரகோ அரிசியோ அரைத்தால் கலப்படம் உறுதி. வீட்டு மிக்சியில் அரைப்பது பாதுகாப்பு.

எண்ணெய்ச் சட்டி: நோன்பு திறக்கும் நேரத்தில் சம்சா பொரித்த எண்ணெயிலேயே பருப்பு வடையும் வேகும். வடையில் கோதுமை இல்லை, எண்ணெயில் இருக்கிறது.

விருந்து: ஒரே சஹனில் நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும் பழக்கம் அன்பானது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பரோட்டா பிய்த்த கையோடு நெய்ச்சோற்றில் கை வைத்தால் சிக்கல். "தனித் தட்டு குடுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அப்படிக் கேட்டவரிடம் "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று வற்புறுத்தாமல் இருப்பதே விருந்தளிப்பவர் செய்யும் உதவி.

பாக்கெட் உணவில் லேபிளைப் படிக்க வேண்டும். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய விதி. 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுத, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

மீனும் உப்பும்?

அயோடின் அதிகமானால் சிலருக்கு இந்தத் தடிப்பு கூடலாம் என்பது உண்மை. கடல் மீனும் அயோடின் உப்பும் அன்றாடம் புழங்கும் கடற்கரைக்காரர்களுக்கு இதைப் படித்ததும் பதற்றம் வரும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. அயோடின் குறைந்தால் தைராய்டு பாதிக்கும். அதனால் உப்பையோ மீனையோ தானாக நிறுத்தக் கூடாது. கோதுமையை முழுதாக விட்டும் தடிப்பு அடங்கவில்லை என்றால், மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். சில வலி மாத்திரைகளும் தடிப்பைத் தூண்டும் என்பதால், எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலையும் காட்ட வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோல் பிரிவுக்கு வரும், ஆறு மாதத்துக்கு மேல் அடங்காத அரிப்புக்காரரிடம் மூன்று கேள்வி கேட்க அதிக நேரம் ஆகாது: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா? தினமும் கோதுமை சாப்பிடுகிறீர்களா? குடும்பத்தில் யாருக்காவது செலியாக் உண்டா? மூன்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் ரத்த டெஸ்ட்டுக்கு எழுதலாம். தோல் துண்டைச் சோதிக்கும் வசதி அங்கேயே இல்லாவிட்டாலும், சரியான கரைசலில் வைத்து பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். மருந்துக் கடைகள் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு டியூப் தருவதை நிறுத்தினாலே பாதிப் பேர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள்.

நோய் உறுதியானவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. குளூட்டன் இல்லாத உணவைச் சரியாகப் பின்பற்றுவோருக்குத் தடிப்பு அடங்குவதோடு, கவனிக்காமல் விட்டால் பின்னாளில் வரக்கூடிய சத்துக்குறைவு, எலும்புத் தேய்மானம், அரிதாகக் குடல் லிம்ஃபோமா போன்றவற்றின் ஆபத்தும் குறைகிறது.

மற்றவர்கள் கோதுமையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அடங்காத அரிப்பு உள்ளவர்கள் மட்டும், அடுத்த டியூப் வாங்கும் முன் தோல் மருத்துவரைப் பார்க்கட்டும். அதுவரை வழக்கமான சாப்பாடு தொடரட்டும்.