பூட்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட வேண்டும்

புதிய டெபிட் அட்டை நம் கைக்கு வரும்போது அதன் பல வாயில்கள் மூடியே இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2020-ஆம் ஆண்டு வகுத்த விதியின்படி, அது உள்நாட்டு ஏ.டி.எம்.களிலும் கடைகளின் அட்டை இயந்திரங்களிலும் மட்டுமே செயல்படும் நிலையில் வழங்கப்படுகிறது. இணையவழிப் பரிவர்த்தனையும் வெளிநாட்டுப் பயன்பாடும் வேண்டுவோர் அவற்றைத் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். அட்டையின் சில்லுக்குள் பதிக்கப்படும் ரகசியத் திறவுகோலும் அந்த ஓர் அட்டைக்கே உரியது. வாடிக்கையாளர் அட்டையைத் தொடுமுன்பே இவை முடிந்துவிடுகின்றன.

அதே வாடிக்கையாளரின் வீட்டில் மாட்டப்படும் கண்காணிப்புக் கேமராவும், கைப்பேசியால் இயங்கும் கதவுப் பூட்டும் எப்போதும் இத்தகைய கவனத்துடன் செய்யப்படுவதில்லை. பெட்டியின் மீது ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை வேறொருவருடையது. வைஃபை சில்லு மூன்றாமவருடையது. அடிப்படை மென்பொருள் பல வேளைகளில் பலகையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பலகையை வடிவமைத்தோர் சோதனைக்கென எளிய கடவுச்சொல் ஒன்றை அதில் வைத்திருப்பர். தொலைவிலிருந்து கட்டளையிடும் வாயில் ஒன்றையும் திறந்து வைத்திருப்பர். சோதனை முடிந்தபின் அவற்றை நீக்கும் பொறுப்பு எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லையெனில், அதே மென்பொருள் நகல் லட்சக்கணக்கான கருவிகளில் அப்படியே ஏறிவிடும்.

இதன் விளைவை உலகம் 2016-இல் கண்டது. மிராய் எனும் தீநிரல், ஆலையில் வைக்கப்பட்ட சுமார் 60 பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்றே கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, இணைய முகவரிகளை வழிகாட்டும் அமெரிக்க நிறுவனமான டைன் மீது அவை ஒருசேரப் பாய்ந்தன. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ், பேபால் முதலிய சேவைகள் பலருக்கு எட்டாமற்போயின. தாக்கிய கருவிகளில் பலவற்றுள் இருந்தவை சீனாவின் சியோங்மாய் நிறுவனத்தின் பலகைகளும் மென்பொருளும். கேமரா வாங்கியோர் தம் திரையில் தெரிந்த கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும், மென்பொருளின் அடியில் பதிந்திருந்த மற்றொன்றை மாற்ற அவர்களுக்கு எளிய வழியேதும் இருக்கவில்லை. இறுதியில் அந்நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சில கேமராக்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

ஆகவே, "வாடிக்கையாளர் விழிப்போடு இருக்க வேண்டும்" என்று கூறி நிறுத்திக்கொள்வது நியாயமன்று என்பதே நம் கருத்து. (வங்கி இதழ்களில் அவ்வறிவுரைக்குப் பஞ்சமில்லை என்பதை அறிவோம்.) மாற்ற இயலாத கடவுச்சொல்லுக்கு வாங்கியவர் எப்படிப் பொறுப்பாவார்?

தொழிற்சாலையில் செய்ய வேண்டியவை புதிர்கள் அல்ல. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் திறவுகோலும் பதிக்க வேண்டும். இறுதிச் சோதனை முடிந்தவுடன் பலகையிலுள்ள சோதனை இணைப்புகளை மூடிவிட வேண்டும். தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பம் இல்லாத மென்பொருளைக் கருவி ஏற்காதவாறு அமைக்க வேண்டும். இதனால் உற்பத்தி வரிசையில் நேரமும் செலவும் கூடும் என்பர். கூடட்டும். அட்டை தயாரிப்பிலும் அச்செலவு உண்டு. அதைத் தவிர்க்க எந்த வங்கியும் எல்லா அட்டைகளுக்கும் ஒரே பின் எண்ணை வழங்குவதில்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையும் பொதுக் கடவுச்சொல் கூடாதென்கிறது. ஆயின் அது வழிகாட்டுதல் மட்டுமே. சி.சி.டி.வி. கேமராக்களுக்கு மத்திய அரசு மேலும் ஒரு படி சென்று, 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. வரவேற்கிறோம். கதவுப் பூட்டுக்கும் மின்செருகிக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

வங்கிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வங்கிச் செயலியின் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. கேமரா வசப்பட்டதாலேயே கணக்கு பறிபோய்விடாது. எனினும் கூடத்துக் கேமரா பார்ப்பது நாம் கைப்பேசியில் பின் எண்ணை அழுத்தும் விரல்களையுந்தான்.

அடுத்த முறை இத்தகைய கருவி வாங்கச் செல்வோர், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பெட்டிகளின் கடவுச்சொற்களும் வெவ்வேறானவையா என்றும், எந்த ஆண்டுவரை மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கும் என்றும் கடைக்காரரிடம் கேட்கலாம். இரண்டிலும் கடவுச்சொல் ஒன்றே எனில், இரண்டையும் கடையிலேயே விட்டுவரலாம்.