வானத்தில் விழும் பட்டைகள்

மாலை நேரத்தில் கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் செல்பேசியில் அழகாகவே தோன்றுகிறது. அதனைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டிய பின்னரே, சீராக நிறம் மாறவேண்டிய வானம் படிக்கட்டுப்போல் பட்டை பட்டையாகப் பிரிந்திருப்பது தெரியவருகிறது. உடனே அச்சிட்டவரைக் குறைகூறுகிறோம். ஆனால், படம் அவர் கைக்குச் செல்லுமுன்னரே பெரும்பாலும் அக்குறை நேர்ந்துவிடுகிறது.

கணினி நிறங்களை எண்களாகவே அறியும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 8 பிட் அளவில் குறித்தால் 256 படிநிலைகள் உண்டு. மூன்றும் கலந்தால் 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கும். இத்தனை இருந்தும் பட்டைகள் ஏன்? மாலை வானம் இவற்றுள் மிகச் சிலவற்றையே பயன்படுத்துகிறது. மேலிருந்து கீழ்வரை 30 படிநிலைகளே இருப்பதாகக் கொள்வோம். அவ்வானம் தாளில் 30 செ.மீ. உயரம் பெறின், ஒவ்வொன்றும் 1 செ.மீ. அகலமுள்ள பட்டையாகிவிடும். இரு நிறங்கள் சந்திக்கும் எல்லையை நம் கண்ணும் மிகைப்படுத்திக் காட்டுகிறது. இதனை எர்ன்ஸ்ட் மாக் என்னும் அறிஞர் 1865-இல் எடுத்துரைத்தார்.

இருண்ட படத்தைத் திருத்தி ஒளியூட்டும்போது நிலைமை மோசமாகிறது. 64 படிநிலைகளை 256 வரை விரித்தால் புதியவை பிறப்பதில்லை, இடைவெளிகளே பெருகுகின்றன. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமிப்பதாலும் நுணுக்கங்கள் குறையும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. கேமராவில் 'ரா' முறை இருப்பின் அதில் எடுங்கள். 16 பிட் அளவில், அதாவது நிறத்திற்கு 65,536 படிநிலைகளில், திருத்தங்களைச் செய்துவிட்டு, இறுதியில் ஒரே ஒருமுறை 8 பிட்டாக மாற்றுங்கள். ஜேபெக் மட்டுமே இருந்தால் திருத்தத்தில் அளவோடு நில்லுங்கள். வானப் பகுதியில் சிறிதளவு புள்ளிமணல் சேர்த்தால் பட்டைகளின் விளிம்பு மறையும். சுவரில் மாட்டிய படத்தில் அம்மணல் கண்ணுக்குப் புலப்படாது. வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் படமாக அன்றி, ஆவணமாக அனுப்புங்கள். முழுப் படத்தையும் அச்சிடுமுன், வானத்தின் ஒரு துண்டை மட்டும் உரிய அளவில் அச்சிட்டுப் பாருங்கள்.

வீட்டு அச்சுப்பொறியில், வானத்தில் மட்டுமன்றி முகங்களின் மீதும் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் விழுந்தால், அது வேறு நோய். மைத்துளைகள் அடைபட்டிருக்கலாம். துளைச் சோதனைத் தாளை அச்சிட்டுப் பார்த்து, தலைப்பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். தாளின் வகையையும் உயர்தரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

மறைந்த பாட்டியாரின் நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருக்கக்கூடும். அதில் ஒருமுறை தொலைந்த நிறத்தை எந்த அச்சுப்பொறியாலும் மீட்டுத்தர இயலாது. எனவே, திருத்தம் யாவும் பிரதியிலேயே நடக்கட்டும். மூலப்படம் தொடப்படாமல் இருக்கட்டும்.